மக்கும் என்று அச்சடித்தால் மக்கிவிடுமா?

மண்புழு:
உணவு டப்பாவில் பச்சை இலை வரைந்து "மக்கும் தன்மை கொண்டது" என்று போடுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். பிஎல்ஏ பிளாஸ்டிக்கையே பாருங்கள், சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ செய்கிறார்கள், மக்கவும் செய்யும், ஆனால் எங்கே? ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டை வாரக்கணக்கில் விடாமல் வைத்திருந்து குப்பையை மக்க வைக்கும் உர ஆலையில். கடலில் விழுந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மக்கும் பேக்கேஜிங்குக்கான ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரம் கேட்பதும் ஆலைச் சூழலில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பதைத்தான். ஆலையே இல்லாத ஊரில் அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்?

கணக்கன்:
முத்திரை பொய் சொல்லவில்லையே. ஆலை கட்டாதது நகராட்சியின் குறை, அதைப் பொருளின் மேல் ஏற்றாதீர்கள். இன்னொன்று, உணவால் வரும் மொத்தக் கரியமில உமிழ்வில் பேக்கேஜிங்கின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். விளைவித்து, குளிரூட்டி, ஏற்றி வந்த உணவு கெட்டுப்போனால் அதற்குச் செலவான தண்ணீரும் எரிபொருளும் சேர்ந்தே வீண். மெல்லிய உறை சில நாள் கூடுதலாகக் காப்பாற்றினால் எனக்கு அது போதும்.

மண்புழு:
ஆலை இல்லை என்று தெரிந்துகொண்டே விற்பவருக்கு இதில் பொறுப்பே இல்லையா? அந்த பிஎல்ஏ கப், தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சிக்குப் போகும் பெட்டையும் கெடுக்கிறது. 5 சதவீதம் என்பது கார்பன் கணக்கு மட்டும்தான், ஆற்றில் மிதப்பதும் மீன் வயிற்றில் போவதும் அதில் வராது.

தாள்மடிப்பு:
இடையில் வருகிறேன், காகிதத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? காகிதக் கப்பின் உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும், அதைப் பிரித்தெடுக்க வசதியுள்ள ஆலைகள் குறைவு. எண்ணெய் ஊறாத நார்க் கிண்ணங்கள் பலவற்றில் பிஎஃப்ஏஎஸ் ரசாயனம் போட்டார்கள், அது மண்ணிலும் உடம்பிலும் தங்கிவிடுகிற வகை. உணவுக் காகிதத்தில் அதை டென்மார்க் 2020இல் தடை செய்தது. அப்புறம், பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணமும் எண்ணும், 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையே கொண்டுவந்த குறி அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்றுதான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று சொல்லவே இல்லை, ஆனால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கண்ணாடிக்கே திரும்பலாம்.

கணக்கன்:
கண்ணாடி உலைக்கு ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும், எடையோ பல மடங்கு, ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கி எறிந்தால் பல கணக்குகளில் பிளாஸ்டிக்கைவிட மோசம். திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புகிற ஏற்பாடு பக்கத்திலேயே இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்வேன்.

தாள்மடிப்பு:
சரி, அந்த ஏற்பாட்டைத்தான் நானும் கேட்கிறேன்.

மண்புழு:
அப்படியானால் பச்சைக் கப்புக்கும் அதே அளவுகோலை வையுங்கள் கணக்கன். கண்ணாடிக்கு "ஏற்பாடு இருந்தால் மட்டும்" என்கிறீர்கள், பிஎல்ஏவுக்கு மட்டும் நகராட்சியைக் கைகாட்டுகிறீர்கள். 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆதாரம் இல்லாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொதுப்படையாகப் போட முடியாது. இலைப் படத்துக்குப் பதிலாக இந்த ஊரில் இதை எந்தத் தொட்டியில் போட வேண்டும், அங்கிருந்து எந்த ஆலைக்குப் போகிறது என்று விற்பவர் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுக்கட்டும்.

கணக்கன்:
எழுதச் சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் உறையே வேண்டாம் என்று போகிறவர்கள் கெட்டுப்போன உணவின் கணக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.