கச்சாங் போத்தோல் கொடியில் ஆரஞ்சுக் கொப்புளம், வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்துக்குப் பின்னால் 40 கொடி கச்சாங் போத்தோல், அதாவது சிறகவரை. விதைத்தோல் கெட்டி; ஓரத்தை நகவெட்டியால் கீறி, ஓர் இரவு ஊறவைத்து நட்டது. செடிக்குச் செடி 2 அடி, மூங்கில் பந்தல் 6 அடி. வளர்த்தி நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் இதுதான்: இலையிலும் தண்டிலும் பிஞ்சிலும் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம், காய் கோணிக்கொள்கிறது. பார்க்கத் துருநோய் மாதிரி இருந்தாலும் வேறொரு பூஞ்சை நோயான பொய்த்துரு என்றே நினைக்கிறோம். அந்தப் பூஞ்சை ஈரத்தில், நீர்த்துளி தெறித்துப் பரவுவது. அதனால் மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை. பட்ட இலையைக் கிள்ளி எரிக்கிறோம். மழை பிடித்தால் அது போதவில்லை. கொடியை அடியோடு வெட்டினால் வேர்க்கிழங்கிலிருந்து சுத்தமாகத் துளிர்க்குமா, இடத்தையே மாற்றணுமா? மருந்து அடித்தவர்கள் எது, எத்தனை நாள் இடைவெளி என்று சொல்லுங்கள். சம்பாலோடு பச்சையாகத் தின்கிற காய், மறந்துவிடாதீர்கள்!

வேரில் முண்டு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் தேய்த்தால் உதிர்கிறது, உள்ளே இளஞ்சிவப்பு. அது தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல வேர்முடிச்சு. வேரைத் தாக்கும் நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது.

இன்னொன்று: 4 கொடியில் கிழங்குக்காகப் பூவைக் கிள்ளுகிறோம். எத்தனை மாதத்தில் தோண்டினால் நார் இல்லாமல் கிடைக்கும்? முற்றிய விதையை ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, நன்றாக வேகவைப்பது தெரியும், கிழங்குதான் புதிது.

நோய் தாங்கும் விதை வைத்திருப்பவர்கள் ஒரு பிடி கொடுத்தால் நல்லது.