பன்பாயின் மேல் கம்பளம் விரிக்கலாமா?

கேள்வி (கல்லடி)

எங்கள் புதிய வீட்டின் முன்னறை 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. தரைக்கு வெள்ளை ரைல்ஸ் பதித்திருக்கிறோம். தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்த கருஞ்சிவப்புக் கம்பளியாலான கம்பளம் 5 அடிக்கு 3 அடிதான் என்பதால், செற்றிக்கு முன்னால் விரித்தால் யாரோ மறந்து விட்டுப்போன துவாய்போலத் தெரிகிறது. அம்மா பன் என்னும் புல்லால் தன் கையால் இழைத்த பன்பாய்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 7 அடிக்கு 3 அடி, வீட்டில் இருக்கின்றன. அவற்றை அடியில் விரிப்பது பொருந்துமா? அம்மாவுக்கு 70 வயது கடந்துவிட்டது. கைத்தடி ஊன்றி நடப்பவர் தடுக்கி விழுந்துவிடக்கூடாது என்பதே என் முதற்கவலை.

பதில் (மருதமுனை)

தாராளமாகப் பொருந்தும். அடியில் விரிப்பது மெல்லியதாகவும் தட்டையாகவும் மேலுள்ளதைவிடப் பெரியதாகவும் இருக்க வேண்டும். பன்பாயில் இம்மூன்றும் அமைந்திருக்கின்றன. இரண்டு பாய்களையும் நீளவாட்டில் சேர்த்துத் தைத்தால் 7 அடிக்கு 6 அடி கிடைக்கும். நடுவில் கம்பளத்தை விரித்தால் தலைமாடு கால்மாடுகளில் ஓரடியும் பக்கங்களில் ஒன்றரை அடியும் பாய் வெளியே தெரியும், அந்த விளிம்புதான் சிறிய கம்பளத்துக்கு இடத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் தலைமுறையாகத் தறி ஓடுகிறது. இடுப்பில் உடுத்தும் சாரத்தின் கரையிலுள்ள ஒரு நிறம் அதன் உடலிலும் மெல்லிய கோடாகவேனும் வராவிட்டால் துணி இரண்டாகப் பிரிந்து நிற்கும் என்று வாப்பா சொல்லுவார். ஆகவே பாயில் சிவப்புச் சாயக் கோடு இருந்தால், அந்தக் கோடு கம்பளத்தின் விளிம்புக்கு வெளியே தெரியும்படி விரியுங்கள்.

பதில் (அக்கரைப்பற்று)

நிறத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பன்பாய் வழுவழுப்பானது. ரைல்ஸின் மேல் பாயும் பாயின் மேல் கம்பளமும் தனித்தனியே வழுக்கும். எனவே வழுக்காமல் பிடிக்கும் மெல்லிய றப்பர் வலையைத் தரைக்கும் பாய்க்கும் நடுவே ஒன்றும், பாய்க்கும் கம்பளத்துக்கும் நடுவே ஒன்றும், ஓரங்களிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளடங்க வெட்டிப் போடுங்கள். செற்றியின் கால்களைப் பாயின் மேல் ஏற்றவேண்டாம், பன் நசுங்கி அறுந்துவிடும்.

அதைவிட முக்கியமானது ஈரம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் எடுக்காமல் கிடந்த பாயைத் தூக்கியபோது, அடிப்பக்கம் முழுவதும் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பாயை எரிக்கத்தான் வேண்டியிருந்தது. விரிப்பதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீனைத் தரையில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் கழித்து உரித்துப் பாருங்கள். அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் அந்த இடத்தில் விரிக்காதீர்கள். தரை துடைத்த பின்பு நன்றாக உலரவிட்டு விரிப்பதும், மழைக் காலம் முழுவதும் வாரம் ஒருமுறை இரண்டையும் சுருட்டி எடுத்துக் காற்றாட விடுவதும் அவசியம்.

பதில் (ஏறாவூர்)

தென்னந்தும்பு விரிப்பு சொரசொரப்பாக இருப்பதால் மேலுள்ள கம்பளத்தை ஓரளவு தானாகவே பிடித்துக்கொள்ளும். வெறுங்காலுக்கு உறுத்தும் என்றாலும், அம்மாவின் பாயைப் பழுதாக்க மனமில்லாவிட்டால் அதை வாங்குங்கள். எதை விரித்தாலும் அம்மா அறையிலிருந்து குசினிக்குப் போகும் வழியில் விளிம்பு குறுக்கிடக்கூடாது. கைத்தடியின் நுனி மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கேள்வி கேட்டவர் (கல்லடி)

அனைவருக்கும் நன்றி. பொலித்தீனை இரண்டு இடங்களில் ஒட்டிப் பார்த்தேன். யன்னலோரத்தில் வைத்ததன் அடியில் வியர்த்திருந்தது, அறையின் நடுவில் வைத்தது காய்ந்திருந்தது. ஆகையால் செற்றியைக் கிழக்குச் சுவரோடு நகர்த்தி, அம்மா நடக்கும் மேற்குப் பக்கத்தை வெறுந்தரையாக விட்டிருக்கிறோம். பாய்களைத் தைக்க வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று சொல்லி, அம்மா இன்று காலையிலிருந்து தானே ஊசியோடு அமர்ந்திருக்கிறார்.