சிவப்பு விளக்கு மாற மறுக்கிறது: காற்றுச் சுத்திகரிப்பான், அவசரம்

பள்ளத்தூர்ப் பேரன் (இரவு 9.40)
வணக்கம். எங்கள் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானில் மூன்று நாட்களாகச் சிவப்பு விளக்கு மாறவே இல்லை. வடிகட்டியை நேற்றுத்தான் நன்றாகச் சுத்தம் செய்து மாட்டினேன். அதன் பிறகும் விசிறி முழு வேகத்தில் இரைகிறது. அப்பத்தாவுக்கு இளைப்பு இருப்பதால் தள்ளிப்போட முடியாது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் அண்ணன் (9.52)
தம்பி, எந்த மாதிரி, எத்தனை மாதம் ஓடியது, எந்த அறையில் இருக்கிறது என்று ஒன்றையுமே சொல்லவில்லையே. அதிலும் எந்தச் சிவப்பு? வடிகட்டியை மாற்றச் சொல்லும் விளக்கு வேறு, காற்றின் தரத்தைக் காட்டும் விளக்கு வேறு. முதலாவது பெரும்பாலான இயந்திரங்களில் ஓடிய மணிக்கணக்கை மட்டும் எண்ணி எரிவது. புதிய வடிகட்டியே போட்டாலும், அதற்குரிய பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கும்வரை அது அணையாது. ‘சுத்தம் செய்தேன்’ என்றால் எப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தேவகோட்டை மின்பணி (10.05)
சந்தேகமே வேண்டாம், மின்னழுத்தக் குறைபாடுதான். வெளிநாட்டில் வாங்கிவந்த பொருளாக இருக்கும். ஒரு ஸ்டெபிலைசர் வைத்துப் பாருங்கள்.

பள்ளத்தூர்ப் பேரன் (10.20)
ஆம், என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. காற்றின் தரத்தைக் காட்டும் விளக்குத்தான் சிவப்பாக இருக்கிறது. வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசி முற்றத்து வெயிலில் காயவைத்தேன். இயந்திரம் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் இருக்கிறது.

கையேடு படிப்பவன் (10.31)
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை முறை விடை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பெட்டியோடு வரும் கையேட்டைப் பிரித்தும் பார்க்காமல் இயந்திரத்தைப் பிரிப்பவர்களுக்கு என்ன சொல்வது? ஹெப்பா வடிகட்டியைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் அந்த நுண்ணிழை மடிப்பு, நனைந்தால் இழை கலைந்து போகும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, அதையே அப்பத்தா சுவாசிக்க நேரும். வடிகட்டி எதுவாயினும் தண்ணீர் படக் கூடாது என்பதே விதி. மேலும், சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; ஸ்டெபிலைசர் கதையை மூட்டை கட்டி வைக்கலாம்.

கொத்தமங்கலம் ஆச்சி (10.44)
ஐயா, ‘எதுவாயினும்’ என்பது சரியல்ல. முகப்பில் இருக்கும் முன்வடிகட்டி, அதாவது முடியையும் பெருந்தூசியையும் தடுக்கும் வலை, பல மாதிரிகளில் கழுவக் கூடியதே. நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் முற்றும் உலர்ந்த பிறகே மாட்டுகிறேன். வாடையை உறிஞ்சும் கரி வடிகட்டிதான் கழுவினாலும் வெயிலில் வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. தம்பி, வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்களா? அந்தப் புகைக்கும் விளக்குச் சிவக்கும்.

கானாடுகாத்தான் அண்ணன் (10.58)
பட்டாலையிலா வைத்திருக்கிறீர்கள்? வானம் பார்த்த முற்றத்தை ஒட்டி வைத்தால், ஊர்க் காற்றை எல்லாம் அந்தச் சிறு பெட்டி எப்படிச் சுத்தம் செய்யும்?

தேவகோட்டை மின்பணி (11.06)
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். செட்டிநாட்டு வீட்டுக்கு இந்த இயந்திரமே வேண்டாத செலவு. முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலேறிப் போகும், சன்னல்கள் வழியே புதுக்காற்று வரும். நம் ஐயாமார்கள் கணக்குப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

கொத்தமங்கலம் ஆச்சி (11.15)
வெப்பத்தை வெளியேற்றுவது வேறு, நுண்தூசியைப் பிடிப்பது வேறு. இளைப்பு உள்ளவர் படுக்கும் அறையில் கதவைச் சாத்தி வைத்தால் பயனுண்டு. ஆனால் நம் வீடுகளின் கூரை உயரத்தை மறந்துவிடக் கூடாது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பரப்பளவு, பெரும்பாலும் 8 அடி உயரக் கூரையை மனத்தில் வைத்துப் போட்டது. 12 அடிக்கு 12 அடி அறையாக இருந்தாலும், கூரை 14 அடி என்றால் ஏறத்தாழ 57 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை அது சுற்றி வர வேண்டுமென்றால் மணிக்கு 285 கன மீட்டர் தூய காற்றைத் தரும் இயந்திரம் தேவைப்படும்.

கையேடு படிப்பவன் (11.22)
முன்வடிகட்டியை நான் கணக்கில் எடுக்கவில்லை. மற்றபடி நான் சொன்னது சொன்னதே.

பள்ளத்தூர்ப் பேரன் (காலை 6.10)
சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும்தான். பின்கட்டில் பத்து நாட்களாகப் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டும் வேலை நடக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

கானாடுகாத்தான் அண்ணன் (6.25)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் நேற்றே தூங்கியிருப்போம்! இயந்திரத்தின் பக்கவாட்டில் சிறு துளையும், அதை மூடிய சிறு கதவும் இருக்கும். உள்ளே ஒரு ஒளிக்கற்றை ஓடுகிறது. தூசியில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டுதான் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசியின் அளவைக் கணிக்கிறது. லென்ஸின் மேலேயே சுண்ணாம்புத் தூசி படிந்துவிட்டால், காற்று தெளிந்தாலும் அது தூசி தூசி என்றே கத்தும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சற்றே நனைத்து லென்ஸைத் துடைத்து, உடனே உலர்ந்த குச்சியால் ஒற்றி எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. வேலை முடியும்வரை வாரம் ஒருமுறை. அலசிய ஹெப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், அதுவரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். கொத்தனாரிடம் சொல்லி, பின்கட்டுக் கதவில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, பூச்சின் மேல் தண்ணீர் தெளித்த பிறகு சுரண்டச் சொல்லுங்கள். அப்பத்தாவை அதுவரை வேறு வீட்டில் தங்க வைக்க முடிந்தால் மிக நல்லது.

பள்ளத்தூர்ப் பேரன் (ஐந்து நாள் கழித்து)
லென்ஸைத் துடைத்தேன், நீலம் வந்துவிட்டது. புதிய வடிகட்டியும் போட்டு, இயந்திரத்தை அப்பத்தாவின் அறைக்கு மாற்றினேன். அதன் இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்று அப்பத்தா பட்டாலைக்கு வந்து படுத்துக்கொண்டார். அனைவருக்கும் நன்றி.