மலையக வல்லாரை தேவை, உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக மலையகத்து வல்லாரையைச் சேகரிக்கிறேன். வல்லாரையின் புண் ஆற்றும் குணத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள், ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்து நுவரெலியாச் செடியிலும் சுமார் 500 மீட்டர் உயரத்துக் கண்டிச் செடியிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நுவரெலியா, அட்டன், பண்டாரவளை, கண்டிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் வல்லாரை இருந்தால் சொல்லுங்கள். தேயிலை மலையின் ஓரத்தில் பறித்தது வேண்டாம், களைகொல்லி பட்டிருந்தால் முடிவே மாறிவிடும். ஒரு செடியாவது வேரோடும் பூவோடும் வேண்டும். அதை அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் இனத்தை உறுதிசெய்ய வேண்டும். இலை பார்த்து ஏமாறக்கூடிய வேறு செடிகளும் ஈர நிலத்தில் உண்டு.

இன்னொன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். உங்கள் அம்மாயி, அப்பாயி வல்லாரையைப் பச்சையாக அரைத்தார்களா, கொதிக்க வைத்தார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். சாறு எடுக்கும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைத் தேடிய சீன விஞ்ஞானி து யூயூவுக்கு, பழைய சீன மருத்துவ நூலில் இருந்த குளிர்நீர்ச் சாறு பற்றிய குறிப்புதான் வழிகாட்டியது. சூடு மருந்தைக் கெடுக்கலாம் என்று எண்ணி, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது.

தருபவர்கள் நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் ஊர்ப்பெயரையும் பறித்த திகதியையும் எழுதிவிடுங்கள். தபால் செலவை நான் தருகிறேன்.