ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும் எந்த ஸ்மார்ட் பிளக் வாங்கலாம்?

நண்பர்களே, போன முறை ஈபி கணக்கெடுத்தபோது 540 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடுகிறது. அந்த 40 யூனிட்தான் உறுத்துகிறது. எது இழுக்கிறது என்று பார்க்க, மின்சாரத்தை அளந்து காட்டும் ஸ்மார்ட் பிளக் இரண்டு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

என் சந்தேகம் பழைய ஃபிரிட்ஜ் மேல். ராத்திரி ஹாலில் படுத்தால் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது கீசர், 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். பெரிய பின் வேறு. 10 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. 16 ஆம்பியரே வாங்கிவிடவா?

இன்னொன்று, எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போய் வரும். வந்ததும் பிளக் தானாக ஆன் ஆகாவிட்டால், ஊருக்குப் போயிருக்கும்போது ஃபிரிட்ஜில் மாவு பொங்கி வழிந்துவிடும் (ஒருமுறை பட்டாயிற்று). பழைய நிலைக்கே திரும்பும்படி செட் பண்ண முடிகிற பிளக் எது? அப்புறம், அதுவரை ஓடிய யூனிட் கணக்கு அழியாமல் இருக்குமா?

மோட்டார் ஸ்டார்ட்டரில் ஓடுகிறது, அதை விட்டுவிடலாம். வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ். வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.