பதில்: ‘சிஜி பார்ப்பது’ தமிழில் என்ன?

> ‘ஈர்ப்புமையச் சீராக்கம்’ என்று பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரிமோட் விமானத்தின் சிஜி, அதாவது எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கும் ஈர்ப்பு மையம், சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குத்தான் நம் கலைச்சொல் பட்டியலில் சொல் தேடுகிறோம். ‘ஈர்ப்பு மையம்’ நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். ‘சீராக்கம்’தான் இடிக்கிறது. எங்கள் தோட்டத்துத் திடலில் ரிமோட் விமானம் விடும் பையன்கள் டிரிம் செய்வதையும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். டிரிம் என்பது பறக்கும்போது ரிமோட்டில் திருத்துவது. நாம் பேசுவதோ தரையிலேயே, பேட்டரியை உள்ளே வைத்து மூடிய பிறகு பார்ப்பது. எண்ணெய் எஞ்சின் என்றால் தொட்டி காலியாக இருக்க வேண்டும். தொட்டி பெரும்பாலும் முன்னால் இருப்பதால், எண்ணெய் தீரத் தீர மையம் பின்னால் நகரும். டிரிம்முக்கும் தரையில் பார்ப்பதற்கும் ஒரே சொல் வைத்தால், வால் கனத்த விமானத்தை டிரிம்மில் சரிக்கட்டலாம் என்று ஒருவன் கிளம்புவான். அது மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, செம்பனைக்குள் போய் விழும்.

‘பாரம் பார்த்தல்’ என்று வைப்போம். கூடவே முன்பாரம், பின்பாரம். மாட்டுவண்டிக்காரர்கள் புழங்கிய சொற்கள்தானே! முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் நுகத்தடியைத் தூக்கும். விமானம் முன்பாரமாக இருந்தால் இறங்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) முழுக்க இழுத்தாலும் மூக்கு எழாமல் முரண்டு பிடிக்கும். எப்படியோ இறக்கிவிடலாம். பின்பாரம் அப்படியில்லை, கைக்கே அடங்காது.

> பாரம் என்றால் மொத்த எடை என்று ஆகிவிடாதா அண்ணா? ‘பாரம் 30 விழுக்காட்டில்’ என்று எழுத முடியுமா?

முடியாது தம்பி, அங்கே ஈர்ப்பு மையம் என்றே எழுதுங்கள். வழக்கமான விமானங்களில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, முன்பின்னான அகலத்தில் 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் வரும். ஈர்ப்பு மையம் இடத்தின் பெயர், பாரம் பார்த்தல் வேலையின் பெயர். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“குறித்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இரு விரல் கொடுத்துத் தூக்கிப் பாரம் பார். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தொங்கினால் பின்பாரம். முதலில் பேட்டரியை முன்னே தள்ளு, ஈயம் ஒட்டுவது அப்புறம்.”

தாழ்இறக்கை விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கலாம். இட வல வேறுபாட்டுக்கு ‘ஒருபக்கப் பாரம்’ போதும். மூக்கு நுனியையும் வாலையும் பிடித்துத் தூக்கும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்க நுனியில் சிறு ஈயத்துண்டு வைப்பார்கள்.