நான்கு வாரமும் அரையாண்டுத் தேர்வும்: சிறு பிள்ளைகளோடு கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாவது எப்படி?

கேள்வி (தக்கலையிலிருந்து)

என் மூத்த மகளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. டிசம்பர் பிறந்ததும் தெருவெங்கும் நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன; பள்ளியிலோ அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்புதான் முடிகிறது. புத்தாடை, கேக், பரிசு என எல்லாமே கடையிலிருந்து வந்து இறங்குவதால், இந்தப் பெருநாளே பொருள் வாங்குவதற்கானது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. இவ்வளவு சிறியவர்கள் தங்கள் கையால் செய்யக்கூடிய வேலைகள் எவை? நான்கு வயதுப் பிள்ளையை நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில் (குழித்துறையிலிருந்து)

சகோதரி, குடிலிலிருந்து தொடங்குங்கள். 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் உண்மையான வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்பின் காட்சியை அமைத்தது, குழந்தை இயேசு எளிமையில் பிறந்ததைக் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அது சிறு பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3 அன்று நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறதல்லவா, அன்று காற்றாடி மரக் கிளையும் தென்னை ஓலையும் சேகரிக்கப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். இரண்டாம் வாரத்தில், இரவு முழுவதும் ஊறவைத்த கோதுமையையோ கேழ்வரகையோ ஒரு பழைய தட்டில் மெல்லிய மண் பரப்பித் தூவச் செய்யுங்கள். தினமும் நீர் தெளிக்கும் பொறுப்பு நான்கு வயதுப் பிள்ளைக்கே உரியதாகட்டும். பெருநாளுக்குள் குடிலின் முன்னே உண்மையான புல்வெளி எழுந்து நிற்கும். மழை வானமாக இருந்தால் தட்டை வெளிச்சம் விழும் சன்னலோரம் வையுங்கள்.

தொட்டிலை 24ஆம் தேதி இரவு வரை வெறுமையாக விடுவது நல்லது. பிள்ளைகள் ஒரு நற்செயல் செய்யும்போதெல்லாம் அதில் ஒரு வைக்கோல் துரும்பை இடட்டும். மூன்று ஞானிகளையும் வீட்டின் வேறு மூலையில் நிறுத்தி, நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்தி, சனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டு சேர்க்கலாம்.

பதில் (நாகர்கோவிலிலிருந்து)

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தேர்வு நாட்களில் ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளொரு வேலை தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. புல்லும் மெழுகுவர்த்தியும் போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்துக்குரிய வளையத்தில் மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு என நான்கு திரிகளை வைத்து, ஞாயிறுதோறும் ஒன்று கூடுதலாக ஏற்றுங்கள். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்குரியது. ஏற்றுவது பெரியவர்களாகவும், குடும்ப செபம் முடிந்ததும் அணைப்பது பிள்ளைகளாகவும் இருக்கட்டும்.

பலகார வேலையைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்து செய்வீர்களானால், வறுத்து உடைத்த சிறுபயறு, ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் வெல்லப் பாகில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் உருண்டை பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உருண்டைகள் அளவில் மாறினாலும் திருத்த வேண்டாம். தேங்காயில் ஈரம் இருந்தால் பலகாரம் விரைவில் கெட்டுவிடும் என்பதால் அதை மட்டும் நீங்கள் கவனியுங்கள். மஞ்சள் சேர்த்த அரிசி மாவில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிக்கும் நேரத்தில் பிள்ளைகள் அடுக்களையில் இருக்கக் கூடாது. நட்சத்திரத்துக்கான மின்கம்பியை மழை படாத இடம் பார்த்து இழுங்கள். பொத்தான் போன்ற சிறு பேட்டரிகளால் எரியும் அலங்காரங்களைச் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு வாங்கவே வேண்டாம், விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பதில் (தூத்தூரிலிருந்து)

எங்கள் பகுதியில் ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கிறிஸ்துமஸுக்குள் அப்பா வந்துவிட வேண்டும் என்று காத்திருப்பதே எங்கள் பிள்ளைகளின் ஆயத்தம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த ஆண்டில், கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களில் பெருநாள் பெருநாளாகவே இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அக்கா: உங்கள் பிள்ளைகள் செய்யும் பலகாரத்தின் முதல் தட்டு, துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கோ தனித்து வாழும் ஒரு முதியவருக்கோ போகட்டும், அதைப் பிள்ளைகளே தூக்கிச் செல்லட்டும். அடுத்த வீட்டு இந்து, இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் அவர்களே கொடுக்கட்டும்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்துச் செல்ல விரும்பினால், மாலையில் நன்றாகத் தூங்க வைத்து எழுப்புங்கள். பனிக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எழ மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், 25ஆம் தேதி காலைத் திருப்பலி இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் தட்டைப் பற்றி மகளிடம் சொன்னேன்; எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டை அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள். எங்களிடம் கேழ்வரகுதான் இருக்கிறது. எந்தத் தேதியில் தூவினால் சரியாக இருக்கும்?

பதில் (குழித்துறையிலிருந்து)

கேழ்வரகானால் 10ஆம் தேதியை ஒட்டித் தூவுங்கள். நெருக்கமாகத் தூவி, முளை வரும் வரை ஈரத் துணியால் மூடி வையுங்கள்.